புற்றுச்செல்லின் மைட்டோகாண்ட்ரியா இயங்குகிறதா என்று சோதிப்பது எப்படி?

வேகமாகப் பெருகும் புற்றுச்செல்களைத் தட்டில் வளர்க்கும்போது, அமிலத்தன்மையை நிறமாற்றத்தால் காட்டும் ஃபீனால் ரெட் சாயம் கலந்த சிவப்பு நிற வளர்ப்பூடகம் சில நாட்களிலேயே மஞ்சளாகிவிடும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கி வெளியேற்றுவதே இதற்குக் காரணம். 1920களில் இந்தப் போக்கை அளந்து காட்டிய ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க், செல்லின் சுவாசம் பழுதுபடுவதே புற்றுநோயின் மூலம் என்று வாதிட்டார். ஆனால் பெரும்பாலான புற்றுச்செல்களில், சுவாசம் நடக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது. ஆகவே மஞ்சள் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், ஆக்சிஜன் நுகர்வையும் அளந்தாக வேண்டும்.

ஒப்பீட்டுக்கு அதே திசுவின் இயல்பான செல்லையே எடுங்கள். முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. இதயத்தசைச் செல்லிலோ கொள்ளளவின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது நிரப்பியிருக்கும். இவ்வளவு வேறுபாடு இயல்பிலேயே இருக்கும்போது, கல்லீரல் புற்றைத் தோல் செல்லோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஆக்சிஜன் நுகர்வை வரைகோடாகப் பதிவுசெய்து, மருந்து எதுவும் சேர்க்காத அடிப்படை நுகர்வு நிலைத்த பிறகு ஒலிகோமைசின் என்ற தடுப்பானைச் சேருங்கள். அது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை ஆக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதியை முடக்குவதால் வரைகோடு சரியும். சரிந்த அளவே ஏடிபி ஆக்கத்திற்குச் செலவான ஆக்சிஜன். அடுத்து, சுவாசத்தை ஏடிபி ஆக்கத்திலிருந்து பிரித்துவிடும் எஃப்சிசிபி (FCCP) சேர்த்தால் கோடு உச்சத்துக்கு ஏறி, செல்லின் முழுத் திறனைக் காட்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: அளவு மிஞ்சினால் அதுவே சுவாசத்தை அடக்கி, நல்ல மைட்டோகாண்ட்ரியாவையும் பழுதானதாகக் காட்டிவிடும் என்பதால், ஒவ்வொரு செல் வகைக்கும் உகந்த செறிவை முன்கூட்டியே சோதித்துக் கண்டறியுங்கள். இறுதியாக, மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை நிறுத்திவிடும் ரோட்டினோனும் ஆன்டிமைசினும் சேர்த்தபின் எஞ்சுவது மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தொடர்பில்லாத நுகர்வு. அதை எல்லா அளவீடுகளிலிருந்தும் கழித்து, செல் எண்ணிக்கையாலோ புரத அளவாலோ வகுத்துக்கொள்ளுங்கள்.

சுவாசத்தில் வெளியாகும் கார்பன் டைஆக்சைடும் ஊடகத்தை அமிலமாக்குவதால், லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) தனியே அளப்பது நல்லது.

சுவாசம் உண்மையிலேயே பழுதான புற்றுகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாச நொதியான சக்சினேட் டிஹைட்ரஜனேஸின் மரபணு சிதைந்த பாராகாங்லியோமா என்ற அரிய கட்டி ஒரு சான்று. ஐயம் எழுந்தால், குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ் இட்டு வளர்த்துப் பாருங்கள். காலக்டோஸிலிருந்து கிளைக்கோலிசிஸ் (ஆக்சிஜன் இன்றிச் சர்க்கரையைச் சிதைக்கும் பாதை) வழியாகப் போதிய ஏடிபி கிடைக்காததால், சுவாசம் பழுதான செல்கள் பெருகாமல் நின்றுவிடும் அல்லது மடியும். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில் உள்ள குளுக்கோஸ் இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால், டயாலிசிஸ் செய்து சிறு மூலக்கூறுகளை நீக்கிய சீரத்தையே பயன்படுத்துங்கள்.