பயிரின் பூக்கும் காலத்தை வெப்பத்திலிருந்து விலக்கி வைக்கும் முறை

மாறிவரும் காலநிலையைத் தாங்கும்படி உணவுப் பயிரை வளர்க்க விரும்புகிறவர், தம் வயலில் பயிர் எந்த வாரத்தில் பூக்கிறது, அந்த வாரத்தில் வெயில் எவ்வளவு ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நெல் பூத்திருக்கும் வேளையில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைக் கடந்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டு, மணி பிடிக்காமல் கதிர் பதராகிறது. மக்காச்சோளத்திலோ, வறட்சி தாக்கும்போது மகரந்தத்தை ஏற்கும் கதிரின் பட்டிழைகள் வெளிவரத் தாமதமாவதால், அவை வெளிப்படும் முன்பே மகரந்தம் பெரும்பாலும் உதிர்ந்து விடுகிறது. கடைசி வரை பசுமையாக நின்ற பயிர் அறுவடையில் கைவிடுவதற்கு இந்தச் சில நாட்களே பல நேரங்களில் காரணமாகின்றன.

ஆகவே விதைத்த நாள், பூக்கத் தொடங்கிய நாள், அந்நாட்களின் உச்ச வெப்பநிலை ஆகியவற்றை ஒவ்வொரு பருவமும் எழுதி வையுங்கள். கடும் வெப்பமும் பூப்பும் ஒன்றாக வருவது தெரிந்தால் விதைப்பை முன்னோ பின்னோ நகர்த்தலாம், அல்லது வயது குறைந்த, அதாவது குறைந்த நாட்களில் விளையும், ரகத்துக்கு மாறலாம். ஆனால் பகல் பொழுதின் நீளத்தைப் பொறுத்துப் பூக்கும் பாரம்பரிய ரகங்களை முன்கூட்டி விதைத்தாலும் அவை ஏறத்தாழ வழக்கமான காலத்திலேயே பூக்கும் என்பதால், அவற்றில் இந்த வழி அவ்வளவாகப் பலிக்காது. எந்த மாற்றத்தையும் முதலில் வயலின் ஒரு பகுதியில் மட்டும் செய்து பார்ப்பதும், மீதிப் பரப்பில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் பிரித்து விதைப்பதும் நல்லது; ஒரு வெப்ப அலை முழு விளைச்சலையும் கொண்டுபோக அப்போது இடமிருக்காது.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது தாங்கும் இடர் எது என்று துல்லியமாகக் கேளுங்கள். சப்1 மரபணு கொண்ட நெல் ரகங்கள் வளர்ச்சிப் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கியிருந்தும் மீண்டு தழைக்கின்றன. அரையளவு நீர் நெடுங்காலம் தேங்கும் நிலத்துக்கு அவை ஏற்றவை அல்ல.

நீர் குறைவாக உள்ள இடத்தில் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடலாம். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதற்குள் தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை மட்டும் காயவிடாமல் 5 சென்டிமீட்டர் நீரை நிறுத்துவது அவசியம். மற்ற பயிர்களுக்கு வைக்கோல், இலைதழை போன்றவற்றால் மண்ணை மூடி மூடாக்கு இட்டாலே மண்ணின் ஈரம் கூடுதல் நாட்கள் நிற்கும்.

கடுமையான ஆண்டிலும் நன்கு விளைந்த செடிகளிலிருந்து விதை எடுத்து வையுங்கள், வீரிய ஒட்டு ரகமாக இல்லாவிட்டால். மக்காச்சோளம், கம்பு போன்ற அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் (வேறு செடியின் மகரந்தத்தால் மணி பிடிப்பவை) ஓரிரு செடிகளோடு நிறுத்தினால் வீரியம் குன்றும் என்பதால், பல செடிகளிலிருந்து சேகரித்துக் கலப்பது முறை. விதையை நிழலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலனில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும்; ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தாலே தானிய விதையின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகிறது.