ஏடபிள்யூஎஸ்: இன்னொரு அக்கவுன்ட்டுக்கு அனுமதி தரும்போது நடக்கும் தவறுகள்

டெவலப்மென்ட்டுக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்கு ஒன்று என ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) அக்கவுன்ட்டுகளைப் பிரித்து வைப்பது நல்ல பழக்கம்தான். ஒன்றில் இருக்கும் எஸ்3 பக்கெட்டை (ஃபைல்கள் சேமிக்கும் இடம்) இன்னொன்றிலிருந்து படிக்க வேண்டி வரும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

பலர் உடனே ஒரு ஐஏஎம் யூசரை (அக்கவுன்ட்டுக்குள் அனுமதி பெறும் பயனர்) உருவாக்கி, அதன் ஆக்சஸ் கீயை (பாஸ்வேர்ட் போன்ற ரகசியச் சாவி) சாட்டில் அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கீக்குக் காலக்கெடு கிடையாது. அனுப்பியவர் வேலையை விட்டுப் போன பிறகும், யாராவது அழிக்கும்வரை அது செல்லும். அதற்குப் பதில் ரோல் (தேவைப்படும்போது தற்காலிகமாக ஏற்கும் அனுமதி) வைத்துக் கொடுங்கள். அதில் கிடைக்கும் அனுமதி வழக்கமாக 1 மணி நேரத்தில் தானாகவே முடிந்துவிடும். நீட்டினாலும் 12 மணி நேரம்தான்.

சரி, ரோல் வைத்தாயிற்று. அதன் டிரஸ்ட் பாலிசியில் (ரோலை யார் ஏற்கலாம் என்று சொல்லும் விதி) 12 இலக்க அக்கவுன்ட் எண்ணுக்குப் பின்னால் 'ரூட்' என்று இருந்தால், ரூட் யூசருக்கு மட்டும்தான் அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அக்கவுன்ட்டையே நம்புவதாக அர்த்தம். உள்ளே யாருக்குக் கொடுப்பது என்பது அங்குள்ள அட்மின் கையில். அங்குள்ள குறிப்பிட்ட ரோலின் ஏஆர்என்னையே (ஏடபிள்யூஎஸ்ஸில் அதன் முழு அடையாளப் பெயர்) எழுதுங்கள். வெளி நிறுவனம் என்றால் எக்ஸ்டர்னல் ஐடியும் (உங்களுக்கென்றே உள்ள தனி அடையாளக் குறி) கட்டாயம். இல்லாவிட்டால் அவர்களுடைய வேறொரு வாடிக்கையாளர் உங்கள் ரோலின் ஏஆர்என்னைத் தன்னுடையதாகக் கொடுத்து, அவர்கள் வழியாகவே உங்கள் டேட்டாவைப் பார்த்துவிட முடியும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது கேஎம்எஸ் (என்கிரிப்ஷன் கீகளை நிர்வகிக்கும் சேவை) விஷயம். பக்கெட் பாலிசி சரி, எதிர்ப்பக்க (படிக்கும் அக்கவுன்ட்டின்) ஐஏஎம் பாலிசியும் சரி, ஆனாலும் 'ஆக்சஸ் டினைட்' வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் பொறுமை போய், பக்கெட் பாலிசியில் பிரின்சிபல் (யாருக்கு அனுமதி) இடத்தில் 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போடுகிறார்கள். பக்கெட் பொதுவில் திறக்காமல் காக்கும் பிளாக் பப்ளிக் ஆக்சஸ் தடுத்தால் அதையும் அணைத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் பிழை போகாது. ஃபைல்கள் ஏடபிள்யூஎஸ்ஸே நிர்வகிக்கும் கேஎம்எஸ் கீயால் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அந்தக் கீயின் பாலிசியை நம்மால் மாற்றவே முடியாது. வேறு அக்கவுன்ட்டுக்கு அது திறக்காது. நாமே ஒரு கீ உருவாக்கி, அதன் பாலிசியில் எதிர்ப்பக்க ரோலைச் சேர்த்து, அந்த ரோலின் ஐஏஎம் பாலிசியிலும் டிகிரிப்ட் அனுமதி தர வேண்டும். அப்புறம் பழைய ஃபைல்களைப் புதுக் கீயில் மறுபடி காப்பி செய்ய வேண்டும். பக்கெட்டின் டிஃபால்ட்டை மாற்றுவது இனி வருபவற்றுக்கு மட்டும்தான். இபிஎஸ் ஸ்னாப்ஷாட்டிலும் (சர்வர் டிஸ்க்கின் நகல்) இதே கதை.

வேலை முடிந்ததும் கொடுத்ததைத் திரும்ப எடுக்க மறக்கிறோம். 2019 இறுதியில் வந்த ஐஏஎம் ஆக்சஸ் அனலைசர், எந்தப் பக்கெட், எந்த ரோல், எந்தக் கீ வெளியாருக்குத் திறந்திருக்கிறது என்று காட்டிவிடும். ஆனால் அதை ஒவ்வொரு ரீஜனிலும் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) தனித்தனியாக இயக்க வேண்டும். மும்பையில் போட்டுவிட்டு, பழைய பக்கெட்டுகள் கிடக்கும் சிங்கப்பூரை விட்டுவிடாதீர்கள்.