வெயில் ஏறினால் வாயடைத்த ரிசீவர் – என் அனுபவம்

கோத்தகிரிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மண்ணின் ஈரத்தை அளந்து அனுப்பும் சென்சார்களோடு எங்கள் ரிசீவர் சிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தேன். காலையில் எல்லாம் ஒழுங்காக வரும். பதினொரு மணிக்கு மேல் பாதி தரவுப் பாக்கெட்டுகளில் பிழை. "வெயில் ஏறினா உங்க பெட்டி பேச மாட்டேங்குது தம்பி" என்று கொழுந்து பறிக்கும் அக்கா சொன்னதுதான் துப்பு.

ரிசீவரில் எங்கள் சானலை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர் ஜிஎம்-சி வகை. டிரான்சிஸ்டரின் ஜிஎம்மும் (மின்னழுத்தம் மாறினால் மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்ற அளவு) கெப்பாசிட்டரும் சேர்ந்துதான் அதன் வெட்டு அதிர்வெண்ணை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டும் என்ற எல்லையை, தீர்மானிக்கும். சூடேறினால் எலெக்ட்ரான்களின் நகர்திறன் குறையும், கூடவே ஜிஎம்மும் இறங்கும். விடியற்காலை 3 டிகிரி. மதியம் தகரப் பெட்டிக்குள் 40. கணக்குப் போட்டால் சுமார் 9 சதவீதச் சரிவு. எங்கள் சிக்னலின் ஓரத்தையே ஃபில்டர் வெட்டிக்கொண்டிருந்தது.

அந்த எல்லையைச் சரிசெய்யும் டியூனிங்கை, சிப்பை ஆன் செய்யும்போது ஒரே ஒரு தடவைதான் ஓட்டியிருந்தேன். பனியில் எடுத்த 19 என்ற கெப்பாசிட்டர் எண் (எவ்வளவு கெப்பாசிட்டரைச் சேர்ப்பது என்பதைச் சொல்லும் எண்) மதியமும் அப்படியே நின்றது.

சரி, 5 டிகிரி மாறும்போதெல்லாம், பாக்கெட்டுகளின் இடைவெளியில், கிரிஸ்டல் கடிகாரத்தோடு ஒப்பிட்டு மறுபடி டியூன் செய்ய வைத்தேன். மதியம் எண் 14க்கு இறங்கியது, பிழையும் நின்றது. அடுத்த சிப்பில் ஜிஎம்மை வெளி ரெசிஸ்டரோடு பிணைக்கும் பயாஸ் சர்க்யூட்டும் (டிரான்சிஸ்டருக்கு ஓட வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் பகுதி) உண்டு. மென்பொருளை மட்டும் நம்பி மலையேற எனக்கு மனமில்லை.