பழைய காரில் மிஸ்ஸிங்கா? பிளக் வாங்க ஓடாதீர்கள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் கையிலேயே நடுங்கும். கியர் லிவர் தன்பாட்டுக்கு ஆடும். மேம்பாலம் ஏறினால், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்கும். மெக்கானிக்கிடம் போனால் ஒரே வார்த்தைதான்: "மிஸ்ஸிங் அடிக்குது சார்." ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

என்னிடம் இருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்து கொடுத்த காலத்து மாருதி 800. அதை வைத்தே சொல்கிறேன். 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஒன்று படுத்துவிட்டால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கோளாறு ஒளிந்துகொள்ள அதிக இடமே இல்லாத இன்ஜின். அப்படியும் நான் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. எல்லாரும் செய்கிற முதல் தவறை நானும் செய்ததுதான் காரணம். எந்த சிலிண்டர் என்று பார்க்காமலே சாமான் வாங்கினேன். முதலில் பொறி கொடுக்கும் பிளக் செட், பிறகு பிளக் ஒயர் செட், அப்புறம் பொறிக்கான வோல்டேஜைக் கூட்டும் எச்.டி. காயில். வண்டி நடுங்குவதை நிறுத்தவில்லை.

எந்த சிலிண்டர் என்று பார்க்கக் காசே வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் ஒயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் பழைய பிளக் ஒன்றைச் சொருகி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது) இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் இதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஒரு மாற்றமும் தெரியவில்லையா, அதுதான் செத்த சிலிண்டர். பலர் ஓடுகிற இன்ஜினில் ஒயரை வெறுங்கையால் பிடுங்கி அந்தரத்தில் விடுவார்கள். கையில் அடிக்கும் ஷாக் ஒரு பக்கம் இருக்கட்டும். போக வழியில்லாத வோல்டேஜ் காயிலின் இன்சுலேஷனை உடைத்துக்கொண்டு போய்விடும். இருந்த கோளாறோடு புதிதாக ஒன்று சேரும்.

செத்த சிலிண்டர் தெரிந்த பிறகும் கடைக்கு ஓட வேண்டாம். அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகவில்லை என்றால் பிளக் காசு மிச்சம். கழற்றிய பிளக்கின் முகத்தையும் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கும். ஆனால் சோக்கை இழுத்துப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்ட பிளக் எப்படியும் கறுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஆறவைத்துக் கழற்றுங்கள். பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். திரும்பப் போடும்போது பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் டியூபை மாட்டி அதாலேயே திருகுங்கள். மரை மாறிப் பிடித்தால் டியூப் வழுக்கும், ஸ்பேனர் வழுக்காது.

வெளியே நல்ல நீலப்பொறி வருகிறது, அதனால் ஸ்பார்க் சரி என்று முடிவு செய்வதும் தவறு. வெறும் காற்றில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்ட அதைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். அதனால்தான் பிளக் முனைகளுக்கு நடுவே இடைவெளி கூடிப்போனதும், ஒயரோ காயிலோ பலவீனமானதும் ஏற்றத்தில் மிதிக்கும்போது முதலில் காட்டிக்கொடுக்கும். ஐட்லிங்கில் மட்டும் நடுங்கி வேகத்தில் சரியாகிறதா, வேக்யூம் ஓஸ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய்) விரிசலையும் டேப்பெட் எனும் வால்வ் இடைவெளியையும் பாருங்கள். சூடானபின் மட்டும் மிஸ் அடித்து, ஆறினால் சரியானால் சந்தேகம் காயில் மேல். மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நான் குறிக்கவில்லை.

இன்னொரு பழக்கம் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது. ஐட்லிங்கை ஏற்றினால் நடுக்கம் மறையும், மிஸ்ஸிங் அப்படியே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி இன்ஜின் ஆயிலில் கலக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடேறிக் கெடும்.

எதை மாற்றியும் தீரவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடிதான் பார்க்க வேண்டும். பலர் இதை மறந்து, நல்ல இன்ஜினுக்கும் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை) சொல்லிவிடுவார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்.

ஒயர்களைக் கழற்றுமுன் நம்பர் போடுங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2. இரண்டை மாற்றிச் சொருகினால் வண்டி தீபாவளி கொண்டாடும்.

என் வண்டிக்கு என்ன ஆனது என்றால், மிஸ்ஸிங் ஐப்பசி மழையோடு ஆரம்பித்தது. ஈரமான காலையில் அதிகம், வெயில் ஏறினால் குறைவு. மூன்று மாதமும் இது கண்ணெதிரேதான் இருந்தது. கடைசியில் ஒருநாள் ராத்திரி கரண்ட் போன நேரம். பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் (கேப்) 2-ஆம் நம்பர் ஒயர் சொருகும் இடத்திலிருந்து கீழே இரும்புக்கு, நூல்போல ஒரு நீலக்கோடு ஓடி ஓடி மறைந்தது. பகலில் துடைத்துப் பார்த்தால் தலைமுடி அளவு விரிசல், அதில் கரிக்கோடு. வேறு கேப் போட்டதும் நடுக்கம் நின்றது.

கழற்றிய பழைய காயில் இன்னும் டிக்கியில் கிடக்கிறது. நல்ல காயில்தான்.