பழைய கார் இன்ஜினில் வால்வு சீட் அரைப்பது: முதலில் கைடைப் பாருங்கள்

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் எல்லோருக்கும் கை நேராக, வால்வு மூடும்போது உட்காரும் இடமான சீட்டுக்குத்தான் போகும். கருத்துப்போய், குழி விழுந்து கிடக்கும் அந்த வளையத்தைப் பார்த்தால் உடனே கல்லை வைத்து ஒரு சுற்று சுற்றத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சீட் அரைக்கும் கல் ஒரு பைலட் கம்பியின் மேல் உட்கார்ந்துதான் சுற்றுகிறது, அந்தக் கம்பி, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடுக்குள் செருகப்படுகிறது. அதனால் கைடு தேய்ந்து ஓவலாகிப் போயிருந்தால் நீங்கள் எவ்வளவு கவனமாக அரைத்தாலும் சீட் கோணலாகத்தான் வரும். நான் முதன்முதலில் செய்த ஹெட்டில் எட்டு சீட்டையும் பளபளவென்று அரைத்து முடித்த பிறகுதான் கைடுகளை மாற்றினேன். புதுக் கைடின் மையம் வேறு இடத்தில் நின்றது, எட்டையும் மறுபடி அரைக்க வேண்டியதாகிவிட்டது. இரும்பு போனால் போனதுதான், திரும்ப வைக்க முடியாது.

ஆகவே கார்பனைச் சுரண்டி, எந்த வால்வு எந்த இடம் என்று குறித்து வைத்து, வால்வைக் கொஞ்சம் தூக்கி பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அந்த இன்ஜின் மேனுவல் சொல்லும் அளவுக்கு மேல் இருந்தால் கைடு வேலைதான் முதல் வேலை. வால்வையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அதன் முகத்தை, அதாவது சீட்டில் உட்காரும் சாய்ந்த பரப்பை, மெஷினில் அரைத்த பிறகு விளிம்பின் தடிமன் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அதைத் திரும்பப் போடாதீர்கள். மெல்லிய விளிம்பு சீக்கிரம் பழுக்கக் காய்ந்து எரிந்துபோகும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வில் இது நிச்சயம்.

சரி, இப்போது கல். பெரும்பாலான பழைய இன்ஜின்களில் சீட்டின் கோணம் 45 டிகிரி, சிலவற்றில் பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு 30 டிகிரி இருக்கும், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் வைர முனையால் கல்லைச் சீர்செய்ய வேண்டும், சோம்பல்பட்டால் கல்லின் தேய்மானம் அப்படியே சீட்டில் பதியும். பைலட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லைச் சுற்றும் டிரைவரின் எடையைக் கையில் தாங்கியபடி ஓரிரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். அழுத்தவே கூடாது. கல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேலே தூக்கிவிட வேண்டும், சீட்டின் மேலேயே நிற்கவிட்டால் வரி வரியாக விழும். தொட்டு எடுத்துப் பாருங்கள், மறுபடி தொடுங்கள். சுற்றிலும் ஒரே சாம்பல் நிறமாகச் சுத்தமான உலோகம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு நொடிகூட வேண்டாம். சீட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டயல் கேஜ் இருந்தால் பைலட்டின் மேல் வைத்து சுற்றிப் பாருங்கள், முள்ளின் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது.

அரைக்க அரைக்க சீட் அகலமாகிக்கொண்டே போகும், நுணுக்கமான வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்டேக்குக்கு ஏறக்குறைய 1.5, எக்ஸாஸ்டுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலம் பொதுவாகச் சரியாக இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சீட் ரொம்பக் குறுகினால் சூடு போக வழியில்லை, ரொம்ப அகன்றால் அழுத்தம் பரவிப்போய் கார்பன் துணுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். 45 டிகிரி சீட்டின் அகலத்தைக் குறைக்க மேல்புறம் 30 டிகிரி கல், கீழ்ப்புறம் 60 டிகிரி கல். எதை எடுப்பது என்பதை நீல மை சொல்லும். வால்வு முகத்தில் மெல்லிசாகத் தடவி, சீட்டில் உட்காரவைத்து, திருப்பாமல் லேசாக ஒரு தட்டு தட்டி எடுங்கள். மை கலைந்த வளையம் வால்வின் வெளி விளிம்பை ஒட்டி இருந்தால் 30 டிகிரியால் மேலே குறையுங்கள், சீட் உள்ளே நகரும். ஸ்டெம், அதாவது தண்டின் பக்கமாக இருந்தால் 60 டிகிரியால் கீழே குறையுங்கள், சீட் வெளியே நகரும். வளையம் முகத்தின் நடுவில் விழ வேண்டும்.

வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே அரைப்புப் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து, நுண்ணிய பேஸ்ட்டில் சில நொடிகள், அதுவும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். மணிக்கணக்கில் தேய்த்தால் வால்வு முகத்தில் பள்ளம் விழும். வால்வை 44 டிகிரியிலும் சீட்டை 45-லும் அரைத்திருந்தால் பேஸ்ட்டே வேண்டாம், வேண்டுமென்றே வைத்த அந்த ஒரு டிகிரி வித்தியாசத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் சைடு வால்வு இன்ஜின் என்றால் சீட் ஹெட்டில் இருக்காது, சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலேயே இருக்கும். கல்தூள் சிலிண்டருக்குள்ளும் வால்வைத் தள்ளும் டேப்பெட் பக்கமும் இறங்காமல் துணியை நன்றாகத் திணித்து அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அதன் படிவு சீட்டின் மேல் ஒரு காப்பாக இருந்தது. இப்போது அது இல்லாததால் மென்மையான வார்ப்பிரும்பு சீட் கடும் ஓட்டத்தில் உள்ளே இறங்கிக்கொண்டே போகலாம். ஏற்கெனவே ஆழமாக இறங்கிய எக்ஸாஸ்ட் சீட்டை மேலும் அரைப்பதைவிட, கடினப்படுத்திய வளையம் போடக் கொடுப்பதே மேல்.

முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, அப்புறம் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, உலர்ந்த உடனே எண்ணெய் பூசுங்கள். சீட்டின் குறுக்கே பென்சிலால் பத்துப் பன்னிரண்டு கோடுகள் போட்டு, வால்வை வைத்துக் கால் சுற்று திருப்புங்கள், எல்லாக் கோடும் அறுந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் மாட்டிய பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் போட்டு, வால்வுகள் இருக்கும் சேம்பர் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வுக்குப் பின்னால் உள்ள போர்ட் வழியில் கசிகிறதா என்று பாருங்கள்.

வால்வு எவ்வளவு உள்ளே இறங்கியதோ அவ்வளவு ஸ்டெம் வெளியே நீண்டிருக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து உயரத்தைச் சரிக்கட்டுங்கள், டேப்பெட் இடைவெளியைப் புதிதாக வையுங்கள், கொஞ்சம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை அதை அளந்து பாருங்கள்.