டிஸ்லெக்சியா குழந்தைக்கு ஸ்கூல்ல சலுகை கேக்கறப்போ இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

போன வாரம் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க போன் பண்ணாங்க. பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிக்க எழுத சிரமப்படற கற்றல் குறைபாடு. இப்போ பத்தாவது, பொதுத்தேர்வுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு, கையில பிரைவேட் சைக்காலஜிஸ்ட் கொடுத்த ரிப்போர்ட், "இது போதும்லக்கா?"ன்னு கேக்கறாங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு, நானும் இதையேதான் நம்பிட்டு இருந்தேன்.

ரிப்போர்ட்டும் சர்ட்டிஃபிகேட்டும் ஒண்ணு இல்ல

ரிப்போர்ட் வேஸ்ட்னு சொல்லல, புள்ள எங்க தடுமாறுதுன்னு ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு அதுலதான் தெரியும். ஆனா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், ஸ்க்ரைப் (புள்ள சொல்லச் சொல்ல எழுதறவங்க) எல்லாம் வேணும்னா பெரும்பாலும் அரசு மெடிக்கல் போர்டு கொடுக்கற சர்ட்டிஃபிகேட்தான் கேப்பாங்க. எங்க பொண்ணுக்கு நாலாவதுலயே ரிப்போர்ட் வாங்கிக் கொடுத்தோம், "பாத்துக்கறோம் மேடம்"னு ஃபைல்ல வெச்சாங்க, ஒன்பதாவது முடியறப்போதான் "கவர்மென்ட் சர்ட்டிஃபிகேட் எங்க?"ன்னு கேட்டாங்க. அஞ்சு வருஷத்துல ஒருத்தர் கூட சொல்லல, இப்ப நினைச்சாலும் எரிச்சலா வருது. அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான அரசு வெப்சைட்டான யூடிஐடி போர்ட்டல்ல அப்ளை பண்ணி, ஐக்யூ டெஸ்ட்டுக்கு ஒரு நாள், படிக்க எழுத வெச்சுப் பாக்கற டெஸ்ட்டுக்கு ஒரு நாள், மெடிக்கல் போர்டு உக்கார்றது வேற ஒரு நாள்னு அலைஞ்சு, பத்தாவது காலாண்டுல ரெண்டு பேப்பர் எழுதாமலே போச்சு.

இதுல இன்னொண்ணு, 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல டிஸ்லெக்சியா கிடையாது, 2016 சட்டத்துலதான் 21 வகை மாற்றுத்திறன்ல கற்றல் குறைபாட்டையும் சேர்த்தாங்க. அதனால "இதுக்கெல்லாம் சர்ட்டிஃபிகேட் தர மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா திரும்பி வந்துடாதீங்க. எட்டு வயசு தாண்டினதும் அப்ளை பண்ணுங்க. எந்த தேதி வரைக்கும் செல்லும்னும் பாத்து வெச்சுக்கோங்க, சின்ன வயசுல வாங்கினா பின்னாடி மறுபடி டெஸ்ட் எடுக்கணும்.

வாய்வார்த்தை

ஸ்கூல்ல சலுகையை வாயால மட்டும் கேக்காதீங்க, லெட்டரா கொடுங்க, காப்பில கையெழுத்து சீல் வாங்குங்க.

முத்திரை குத்திடுவாங்கன்னு பயந்து மறைக்கறது

டிஸ்லெக்சியான்னு சொல்லாம மறைச்சாலும், கிளாஸ்ல "சோம்பேறி"ங்கற முத்திரை ஏற்கனவே விழுந்தாச்சு.

ஸ்க்ரைப்பை பரீட்சை அன்னிக்குத்தான் முதல்ல பாக்கறது

சிபிஎஸ்இல 3 மணி நேர பேப்பருக்கு 1 மணி நேரம் கூடுதலா கிடைக்கும், ஆனா வாயால சொல்லி எழுத வைக்கறது தனிப் பழக்கம். எங்க பொண்ணு முதல் தடவை கமா எங்க வரணும், பாரா எங்க மாத்தணும்னு சொல்லத் தெரியாம பாதி பதில்லயே நின்னுட்டா. அப்புறம் தினமும் சாயங்காலம் நான் நோட்டோட உக்காந்து, அவ சொன்னத மட்டும்தான் எழுதுவேன், ஒரு வார்த்தை கூட நானா சேர்க்க மாட்டேன்.