மின்கம்பி வராத மலைத்தோட்ட வீட்டுக்கு சோலார் பேனல் தேர்வு

கொடைக்கானல் மேல்மலை மாதிரி இடங்களில் தோட்டத்து வீட்டுக்குப் பேனல் வாங்குகிறவர்களுக்கான கணக்கு இது. சட்டமில்லாத, சுருட்டக்கூடிய பேனலை விட்டுவிடுங்கள். கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் உள்ள மோனோ (ஒற்றைப் படிக சிலிக்கான்) பேனல்தான் நிலைக்கும்.

1. ஒரு நாள் செலவைக் கூட்டுங்கள்

9 வாட் பல்பு ஆறு, 5 மணி நேரம்: 270. டிவி 40 வாட், 4 மணி நேரம்: 160. லேப்டாப் 50 வாட், 4 மணி நேரம்: 200. ரூட்டர் 10 வாட், 12 மணி நேரம்: 120. மொத்தம் 750 வாட்-மணி.

சமவெளியில் முழு வெயில் 4 மணி நேரம் என்று வைக்கலாம். பனிமூட்டம் இறங்கும் மலையில் 3 தான். கம்பி, பேட்டரி, சூடு ஆகியவற்றில் போகும் இழப்புக்கு 0.7-ஆல் பெருக்குங்கள். 750 ÷ (3 × 0.7) = சுமார் 360 வாட். 400-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

2. பேனலின் முதுகைப் படியுங்கள்

கடைக்காரர் வாட்டை மட்டும்தான் சொல்வார். பின்பக்க ஸ்டிக்கரில் 'விஓசி' என்று ஒரு எண் இருக்கும், எதுவும் இணைக்காதபோது பேனல் தரும் வோல்ட். 540 வாட் பேனலில் அது ஏறக்குறைய 49.5. சார்ஜ் கன்ட்ரோலரின் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மேல் 100/30 என்று இருந்தால், பேனல் பக்கம் 100 வோல்ட்டைத் தாண்டவே கூடாது, பேட்டரிக்கு 30 ஆம்பியர் வரைதான் தரும் என்று பொருள்.

இரண்டு பேனலை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து) போட்டால் 99 வோல்ட். சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஸ்டிக்கர் எண் 25 டிகிரிக்கானது. குளிர்ந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.27 சதவீதம் ஏறும். மார்கழி உறைபனியில், 0 டிகிரியில், 99 என்பது 105-ஐத் தாண்டிவிடும். வோல்ட் ஏற உச்சிவெயில் தேவையில்லை, விடிகாலை வெளிச்சமே போதும். கன்ட்ரோலர் போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், வாரண்டியும் கிடைக்காது.

வழி இரண்டு: 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள், அல்லது பேனல்களை பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போடுங்கள். பேரலலில் ஆம்பியர் இரட்டிப்பாகும், 6 சதுர மில்லிமீட்டர் டிசி கேபிள் இழுங்கள். மூன்றாவது பேனல் சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் கட்டாயம்.

3. எம்பிபிடி மட்டும்

எம்பிபிடி என்பது பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் கன்ட்ரோலர். பிடபிள்யூஎம் அப்படி மாற்றாது, பேனலைப் பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்துவிடும். விலை குறைவு என்று பிடபிள்யூஎம் கன்ட்ரோலரோடு 540 வாட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால், வருவது 13 ஆம்பியர் × 13 வோல்ட், சுமார் 170 வாட். மீதி வீண். எம்பிபிடியிலும் 30 ஆம்பியர் என்றால் 12 வோல்ட் பேட்டரிக்கு 420 வாட் வரைதான் போகும். இரண்டு பெரிய பேனல் என்றால் 24 வோல்ட்டுக்கு மாறுங்கள்.

4. அளவு, எடை

540 வாட் பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 28 கிலோ. வாட்டுக்கு விலை குறைவு, ஆனால் ஒற்றையடிப் பாதையில் காற்றடித்தால் இரண்டு பேர் தடுமாறுவார்கள். ஜீப் போகாத தோட்டத்துக்கு 200 வாட் பேனல் இரண்டே மேல். ஐஎஸ் 14286 (சோலார் பேனலுக்கான இந்தியத் தரநிலை) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

5. மாட்டும்போது

தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு. தகரத்துக்கும் பேனலுக்கும் நடுவே நான்கு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள், காற்று புகவேண்டும். சில்வர் ஓக் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு குறையலாம். மரத்தைக் கழிப்பது இன்னொரு பேனல் வாங்குவதை விட மலிவு.

பிற்சேர்க்கை: எம்சி4 கனெக்டர் (பேனல் வயர்களை இணைக்கும் பிளக்) சூடாகி உருகுகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஆண் ஒரு கம்பெனி, பெண் வேறு கம்பெனி என்று கலந்தால் அப்படித்தான் ஆகும். இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கி, கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயர் உதவாது.